முகம் தெரியாத கைகளுக்காக

வால்வோ 240 எஸ்டேட் காரின் அகலம் சுமார் 1.71 மீட்டர். லெகோ கட்டையின் தலையில் இருக்கும் குமிழ்களுக்கு இடையே உள்ள தூரம் 8 மில்லிமீட்டர். காரை 8 குமிழ் அகலத்தில் செய்வது என்று முடிவெடுத்துவிட்டால், மாதிரியின் அகலம் 64 மில்லிமீட்டர். நிஜக் காரில் ஏறக்குறைய 27இல் ஒரு பங்கு. மற்ற அளவுகளை எல்லாம் இந்த ஒரு வகுத்தலே தீர்மானித்துவிடுகிறது. உயரம், பிளேட் எனப்படும் மெல்லிய தட்டைக் கட்டைகள் 17. நீளம் இருபத்திரண்டரைக் குமிழுக்குச் சற்றுக் குறைவு. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 12 குமிழும் இன்னும் கொஞ்சமும். அந்தக் கொஞ்சத்தில்தான் வேலை தொடங்குகிறது. 12 என்று வைத்தால் கார் குறுகி பொம்மை போலாகிவிடும். 13 என்றால் நீண்டு சவ ஊர்தியாகிவிடும்.

இந்தக் கணக்கை ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் பென்சிலால் போட்டுக் காட்டியவர், டென்மார்க்கின் வைலே நகரில் வசிக்கும் ஓய்வுபெற்ற பேருந்து மெக்கானிக். வீடு மலைச்சரிவில் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே கடற்கழியும் அதன் மேல் நெடுஞ்சாலைப் பாலமும். லெகோ பிறந்த பில்லுண்ட் இங்கிருந்து அரைமணி நேரக் கார்ப் பயணம்தான். ஆனால் இவர் அந்த நிறுவனத்தின் ஊழியர் அல்ல. தானே வாகனங்களை வடிவமைத்து, அவற்றைக் கட்டும் செய்முறையைப் படிப்படியாக எழுதி, பிடிஎஃப் கோப்பாக விற்கிறார். கட்டைகளை விற்பதில்லை. வாங்குபவர் கட்டைகளைத் தானே தேடிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். உலகெங்கும் பல ஆயிரம் பேர் செய்யும் தொழில் இது; பெரும்பாலோருக்குப் பகுதிநேரம், சிலருக்கு முழு வாழ்வாதாரம்.

புள்ளிக் கோலம் போடத் தெரிந்தவருக்கு, 12க்கும் 13க்கும் நடுவே நிற்கும் அந்த அரைக்குமிழின் விடை சட்டென்று விளங்கும். நேர்புள்ளியில் அடங்காதது ஊடுபுள்ளியில் அடங்கும். இரண்டு குமிழ் நீளமுள்ள பிளேட்டின் நட்டநடுவே ஒரே ஒரு குமிழ் மட்டும் உள்ள துண்டு ஒன்று உண்டு, ஜம்ப்பர் என்பார்கள். அதன் மேல் வைப்பதெல்லாம் அரைக்குமிழ் நகர்ந்து உட்காரும். பின் அச்சை அதன்மேல் ஏற்றியதும் அச்சிடைத் தூரம் 100 மில்லிமீட்டர் ஆகிறது. கணக்குப்படி வரவேண்டியது 99 சொச்சம். கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இன்னொரு கணக்கும் இப்படி வடிவமைப்பவர்களுக்கு மனப்பாடம். பிளேட்டின் கனம் 3.2 மில்லிமீட்டர். ஐந்து பிளேட்டுகளை அடுக்கினால் 16 மில்லிமீட்டர், சரியாக இரண்டு குமிழ் அகலம். ஆகவே ஒரு அடுக்கைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, நேராக நிற்கும் கட்டைகளுக்கு நடுவே இடைவெளி இல்லாமல் செருகிவிடலாம். காரின் ஜன்னல் தூண்கள் இப்படித்தான் பிறக்கின்றன. இந்த அளவில் ஒரு குமிழ் அகலத் தூண் என்றால், நிஜக் காரில் அது 21 சென்டிமீட்டர் தடிமன். எந்த ஓட்டுநரும் அதற்குப் பின்னால் உட்கார மாட்டார். பக்கவாட்டில் திருப்பிய பிளேட் என்றால் எட்டரை சென்டிமீட்டர். ஒப்புக்கொள்ளலாம்.

அதே எட்டரை சென்டிமீட்டர் வேறோர் இடத்தில் எதிரியாகிறது. வால்வோவின் முகத்தை அடையாளம் காட்டுவது, கிரில்லின் குறுக்கே சாய்வாக ஓடும் பட்டை. லெகோவின் வழக்கமான கம்பியும் ஏறக்குறைய 3.2 மில்லிமீட்டர்தான். அதைச் சாய்த்து மாட்டினால் கார் ஒரு மூங்கிலைக் கவ்விக்கொண்டு நிற்பதாகத் தெரியும். அவர் பட்டையையே விட்டுவிட்டார். சதுர விளக்குகள், நிமிர்ந்த பின்கதவு, நீண்ட தட்டையான பானெட், இந்த மூன்றும் சரியாக அமைந்தால் கண் தானாகவே அந்தப் பட்டையைப் போட்டுக்கொள்ளும் என்றார். மேசையில் இருந்த காரைப் பார்த்தேன். போட்டுக்கொண்டது.

வடிவமைப்பு முழுவதும் கணினித் திரையில் நடக்கிறது. இதற்கு அடித்தளமிட்டவரை இந்த வட்டாரத்தில் மரியாதையோடு நினைவுகூர்கிறார்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜெசிமன், லெகோ கட்டைகளைக் கணினியில் அடுக்க உதவும் எல்டிரா என்ற மென்பொருளை 1995இல் எழுதினார். 1997இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். ஒரு குமிழ் அகலத்துக்கு 20 அலகு, ஒரு பிளேட் உயரத்துக்கு 8 அலகு என்று அவர் வகுத்த அளவுமுறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அவர் விட்ட இடத்திலிருந்து தன்னார்வலர்கள் ஆயிரக்கணக்கான துண்டுகளை ஒவ்வொன்றாக வரைந்து சேர்த்தார்கள். இப்போது பலரும் பயன்படுத்தும் ஸ்டுடியோ மென்பொருளும் அந்தச் சேமிப்பின் மேல் எழுந்ததுதான். சம்பளமில்லாமல் செய்யப்பட்ட அத்தனை உழைப்பு இல்லையென்றால் இந்தத் தொழிலே இருந்திருக்காது.

ஆனால் திரையில் கனம் கிடையாது. நடுவானில் வைத்த கட்டை அங்கேயே நிற்கும். இரண்டு துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவினால் மென்பொருள் எச்சரிக்கும். அந்த இடத்துக்குள் ஒரு விரல் நுழையுமா என்று அது பார்ப்பதில்லை. அதனால் கார் உருவானபின் அவர் தன் பக்கத்து வீட்டுக்காரரை அழைக்கிறார்.

அந்த அம்மாள் ஓய்வுபெற்ற செவிலியர். லெகோ பழக்கம் இல்லாதவர். அழைப்பதற்குக் காரணமே அதுதான். அவருடைய வலது கையில் லேசான நடுக்கம் இருக்கிறது. மேசையின் ஒரு பக்கம் கட்டைகள் சிறு கிண்ணங்களில். எதிரே ஒரு டேப்லெட்டில் செய்முறை. வடிவமைப்பாளர் சற்றுத் தள்ளி, மடியில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். வாயே திறக்கக் கூடாது என்பது அவர் தனக்கு விதித்துக்கொண்ட விதி. தவறாக வைத்தாலும் சொல்லமாட்டார். விலைக்கு வாங்குபவரின் பக்கத்தில் தான் இருக்கப்போவதில்லையே என்பது அவர் வாதம்.

61ஆம் படியில் பானெட்டை அழுத்தியபோது காரின் முன்பக்கம் படீரென்று கழன்றது. அவர் அசையவில்லை; எழுதிக்கொண்டார். அந்த அம்மாள் பொறுமையாகத் துண்டுகளைப் பொறுக்கி மறுபடி சேர்த்து மறுபடி அழுத்தினார். மறுபடி கழன்றது. சக்கரத்துக்காக விட்ட வளைவுக்குக் கீழே அந்தக் கட்டத்தில் எதுவுமே இல்லை. மேலிருந்து அழுத்தும் விசையைத் தாங்க அடியில் தரை வேண்டும். பம்பருக்குக் கீழே போகும் ஒரு நீளப் பிளேட் அந்தத் தரையைக் கொடுத்திருக்கும். அது 70ஆம் படிக்கு மேல்தான் வருகிறது.

அன்று மாலை அவர் செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அந்தப் பிளேட்டை 58ஆம் படிக்கு முன்னால் கொண்டுவந்தார். கொண்டுவந்ததும், பின்னால் வரவேண்டிய குமிழில்லாத டைல் துண்டு ஒன்று வெளியிலிருந்து தெரியாமல் மறைந்தது. அதற்காகப் படத்தின் கோணத்தைத் திருப்பினார். கோணம் மாறினால் இடது எது, வலது எது என்று குழம்பும். ஆகவே காரைச் சுழற்றச் சொல்லும் ஒரு அம்புக்குறி சேர்ந்தது. அம்புக்குறிக்கு இடம்விட, ஒரே பக்கத்தில் இருந்த இரண்டு படிகள் இரண்டு பக்கங்களாயின. ஒரு பிளேட் இடம்பெயர்ந்ததற்கு இவ்வளவும். இப்படிக் காரின் ஒரு கட்டைகூட மாறாமலே செய்முறை மட்டும் பல வாரங்கள் திருத்தப்படுகிறது. கார் செய்ய ஆன காலத்தைவிட அதை எழுத ஆகும் காலம் அதிகம் என்று அவர் சொன்னதை நான் அங்கேதான் முழுதாக நம்பினேன்.

இவ்வளவு அக்கறை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பணிமனையில் வாழ்நாளெல்லாம் பழுதுபார்க்கும் கையேடுகளைப் படித்தவர் அவர். ஒரு போல்ட்டைக் கழற்றச் சொல்லும் பக்கத்தில், அதற்கு முன் எதைக் கழற்றினால் கை உள்ளே போகும் என்பது இருக்காது. எழுதியவர் ஒருநாளும் வண்டிக்கு அடியில் படுத்திருக்கமாட்டார் என்று மெக்கானிக்குகள் பேசிக்கொள்வார்களாம். அந்தக் கையேடுகள் எப்படி இருந்திருக்க வேண்டுமோ அப்படி ஒன்றை எழுத வேண்டும் என்பதே அவருடைய ஆசை.

செய்முறையில் நுணுக்கங்கள் நிறைய. வெளியே தெரியாத உட்கட்டைகளுக்கு முன்பக்கம் மஞ்சள், பின்பக்கம் சிவப்பு கொடுத்திருக்கிறார். எந்தப் பக்கம் பிடித்திருக்கிறோம் என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். கருப்புக் கட்டை மேல் கருப்புக் கட்டை வருமிடத்தில் விளிம்புக்கு வெள்ளைக்கோடு. ஒற்றைக் குமிழ்த் துண்டுகளைக் காரின் விளிம்பில் ஒவ்வொன்றாக ஒட்டச் சொல்லாமல், மேசையில் வைத்தே நாலைந்தைச் சேர்த்துக்கொண்டு மொத்தமாகப் பொருத்தச் சொல்கிறார். நடுங்கும் கைக்காகச் செய்தது. நடுங்காத கைக்கும் அது சுலபம்தான்.

நிறம் ஒரு தனிக் கவலை. சக்கர வளைவுக்கான துண்டு ஒரு நிறத்தில் மலிவாகக் கிடைக்கும். அடுத்த நிறத்தில் அது வார்க்கப்பட்டதே இல்லை என்றிருக்கும். அடர்பச்சையில் தொடங்கிய இந்தக் கார் கடைசியில் வெள்ளையாக முடிந்ததற்குக் காரணம், வாங்குபவரின் பணப்பைதான். ஓர் அரிய துண்டுக்காக அவர் வேறொரு நாட்டுக் கடைக்குத் தனித் தபால்செலவு கொடுக்க நேர்ந்தால், அது வடிவமைப்பாளரின் குற்றம் என்று இவர் கருதுகிறார்.

இப்படித் துண்டுகளை விற்கும் கடைக்காரர்களில் ஒருவரையும் பார்க்கப் போனோம். பில்லுண்டுக்கு வெளியே ஒரு கிராமம். கார் நிற்க வேண்டிய கொட்டகையில் தரையிலிருந்து கூரைவரை இழுப்பறைகள். அந்தப் பெண் பழைய லெகோவைக் கிலோக் கணக்கில் வாங்கி, வலைப்பையில் போட்டு வெதுவெதுப்பான நீரில் கழுவி, காயவைத்து, பிரித்து விற்கிறார். தண்ணீர் 40 டிகிரியைத் தாண்டினால் கட்டை உருக்குலையக்கூடும். இழுப்பறைகள் நிறவாரியாக இல்லை, வடிவவாரியாக இருந்தன. பல நிறங்களுக்கு நடுவே ஒரு சிவப்புத் துண்டைக் கண் உடனே பிடித்துவிடும். சிவப்புக் குவியலுக்குள் ஒரு குறிப்பிட்ட வடிவத்தைத் தேடினால் பொழுது போய்விடும். ஜன்னலருகே ஒரு தட்டில் சாம்பல் நிறக் கட்டைகள் மட்டும் குவிந்திருந்தன. 2004 வாக்கில் லெகோ தன் சாம்பல் நிறத்தைச் சற்று நீலம் கலந்ததாக மாற்றியது. பழசையும் புதுசையும் விளக்கு வெளிச்சத்தில் பிரிக்க முடியாது என்று, பகல் வெளிச்சத்துக்காக ஒதுக்கி வைத்திருந்தார். ஒரே காரில் இரண்டும் கலந்துவிட்டால் அழுக்குப் படிந்ததுபோல் தெரியும். அவர் பொருள்களை விற்கும் பிரிக்லிங்க் சந்தை 2000இல் தனியொருவர் தொடங்கியது. 2019இல் லெகோ நிறுவனமே அதை வாங்கிவிட்டது.

இனிப் பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு சிறிய காரின் செய்முறை சில யூரோக்களுக்குப் போகிறது. மோட்டாரும் கியரும் உள்ள பெரிய டெக்னிக் லாரி என்றால் இருபதைத் தாண்டலாம். ரீபிரிக்கபிள் போன்ற தளங்கள் வழியாகத்தான் பெரும்பாலும் விற்பனை. அட்டையில் இவர் காரின் பெயரைப் போடுவதில்லை. எண்பதுகளின் குடும்பக் கார் என்று மட்டும் இருக்கும். கார் நிறுவனத்தின் வணிகச்சின்னத்தைத் தொடாமலிருக்கப் பலரும் கையாளும் வழி இது. லெகோவின் சின்னத்தையும் இவர் போடுவதில்லை.

கட்டையின் வடிவம் இப்போது யாருக்கும் தனியுடைமை இல்லை. 1958 ஜனவரி 28 அன்று காட்ஃபிரெட் கிர்க் கிறிஸ்டியன்சென் விண்ணப்பித்த காப்புரிமை காலாவதியாகி நெடுநாளாகிறது. அந்த வடிவத்தை வணிகச்சின்னமாகப் பதிவுசெய்ய லெகோ எடுத்த முயற்சியை ஐரோப்பிய நீதிமன்றம் 2010இல் நிராகரித்தது. அது சரியான தீர்ப்பு என்பது என் எண்ணம். ஒரு பயன்பாட்டு வடிவம் காலமெல்லாம் ஒருவரிடமே இருக்கக் கூடாது. ஆனால் இந்த மெக்கானிக் எழுதிய பக்கங்கள் அப்படியல்ல. அவை அவருடைய எழுத்து, அவருடைய படம், அவருடைய வரிசை. அவற்றைச் சிலர் அப்படியே அச்சடித்து, வேறு கட்டைகளோடு பெட்டியில் போட்டு விற்கிறார்கள். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எடுத்த புகைப்படமே அந்தப் பெட்டியின் மேல் இருந்தது. புகார் கொடுத்தால் விற்பனைப் பக்கம் மறையும். அடுத்த வாரம் வேறு பெயரில் முளைக்கும். ஐந்து யூரோ பிடிஎஃப்புக்கு யாரும் வழக்கறிஞர் வைக்க முடியாது. பார்த்தால் கார், திருடப்பட்டது உழைப்பு. அந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தபின் இதை விளையாட்டுச் சாமான் விவகாரம் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை.

திருடிய பெட்டியை வாங்கியவர்களும் அவருக்கே எழுதுகிறார்கள். அவர்களிடம் இருப்பது பழைய பதிப்பு. பானெட் கழன்று விழுகிறது, என்ன செய்வது என்று கேட்கிறார்கள். அவர்களுக்குப் பதில் போடத் தேவையில்லை என்று நான் சொன்னேன். அவர் ஒப்பவில்லை. பெட்டியை வாங்கியவருக்கு அது யாருடையது என்று தெரிய வழியில்லை என்றார். 58 முதல் 61 வரையிலான படிகளின் திருத்திய பக்கங்களைத் தனிக் கோப்பாக வைத்திருக்கிறார், கேட்பவருக்கெல்லாம் அனுப்புகிறார். கடைசியாக வந்த கடிதத்துக்கு அதை இணைத்தபோது, கீழே ஒரு வரி மட்டும் சேர்த்தார்: பம்பருக்கு அடியில் உள்ள பிளேட்டை முதலில் போடுங்கள், பிறகு பானெட்டை அழுத்துங்கள்.