பாஸ்போர்ட் கேட்காத வெளிநாடு

மிஷனரி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? நீண்ட அங்கி, தாடி, கப்பலில் வந்திறங்கிய துரை, கூடவே ஒரு துரைசானி. சரிதான். ஆனால் எங்கள் சிவகிரிப் பக்கம் வேதக்கார வீடுகளில் கேட்டுப் பாருங்கள். வந்தவர்களைப் பற்றி அல்ல, போனவர்களைப் பற்றிச் சொல்வார்கள்.

1903-ல் திருநெல்வேலியில் இந்தியன் மிஷனரி சொசைட்டி ஆரம்பித்தார்கள். முன்னால் நின்றவர் வெள்ளாளன்விளைக்காரர் வி.எஸ்.அசரியா. ஆளும் நம்ம ஆள், பணமும் நம்ம பணம் என்பது ஏற்பாடு. போன இடம் தோர்ணக்கல். இன்று தெலங்கானா, டில்லி ரயிலில் விஜயவாடா தாண்டி வரும். அன்று நிஜாம் சீமை. ஆட்சி வேறு, பாஷை தெலுங்கு. அட, நாணயமே வேறு சார்! (பி.காம். படித்தவன் கண் அங்கேதானே போகும்.) கடல்தான் இல்லை, மற்றபடி வெளிநாடுதான்.

1909-ல் அசரியா தன் வேலையை விட்டுவிட்டு, குடும்பத்தோடு தோர்ணக்கல்லுக்கே போய்விட்டார். மனைவி அன்பு மரியம்மாள், அந்தக் காலத்திலேயே கல்லூரி வரை படித்தவர். 1898-ல் வரதட்சணை வாங்காமல் நடந்த கல்யாணம். போன புதிதில் குடியிருந்தது கூடாரத்தில். நாம் வாடகை வீட்டில் தண்ணீர் வரவில்லை என்று மூன்று நாள் புலம்புகிற ஆட்கள். கூடாரத்தில் மழை பெய்தால் அடுப்பை எங்கே வைப்பது? ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எந்தப் பாஷையில் போய் உதவி கேட்பது?

1912-ல் அசரியா பிஷப் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்திய பிஷப். அந்த அம்மாவோ, ஊழியத்துக்குப் படிக்க வந்தவர்களின் மனைவிமாருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பிஷப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இந்த அம்மாவுக்கு நாலு வரி ஒதுக்குவதோடு சரி. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

1910-ல் எடின்பரோ மாநாட்டில், வெள்ளைக்கார மிஷனரிகள் நிறைந்த சபையில் அசரியா ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்தார். நீங்கள் செய்யும் தியாகமெல்லாம் பெரிதுதான். எங்களோடு சிநேகிதமாகப் பழகத்தான் மாட்டேன் என்கிறீர்கள் என்று. அப்போது அவருக்கு வயது 35. தானே தெலுங்குச் சீமையில் அந்நியனாகப் போய் உட்கார்ந்த அடுத்த வருஷம் இதைச் சொல்கிறார், கவனியுங்கள்.

போகிறவர்கள் இன்றும் போகிறார்கள். எங்கள் தெருப் பெரியம்மை ஒருவரின் மகளும் மருமகனும் ஒடிசாவில் மலைக்கிராமம் ஒன்றில் இருக்கிறார்கள். பெரியம்மை உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுவார். மாதக் கடைசியில் அது கோயிலுக்குக் காணிக்கையாகப் போகும். மகள், மருமகன் மாதிரி போனவர்களுக்காக.

பேரன் தமிழ்நாட்டில் ஹாஸ்டலில் படிக்கிறான். சின்ன லீவுக்கு ஒடிசா போய்வரக் கட்டாது, சிவகிரிக்கு வருவான்.

“பேரன் பக்கத்திலேயே இருக்கான், சந்தோஷந்தானே பெரியம்மை?” என்றேன்.

“என்னத்தச் சொல்ல, எய்யா. சாப்பிட்ட தட்டக் கழுவிக் கவுத்திட்டு, ‘தேங்க்ஸ் ஆச்சி’ங்கான். பெத்த மக வயித்துப் பிள்ள... விருந்தாளி மாதில்லா இருக்கான்.”