முன்சக்கரம்

பல நாள்கள் நீளும் மிதிவண்டிப் பந்தயத்தில், ஒரு நாள்கூட முதலாவதாக வந்து சேராத வீரர் முடிவில் பட்டம் வெல்லக்கூடும். முதன்முறை கேட்போர் இதனை எளிதில் நம்புவதில்லை. 1990ஆம் ஆண்டின் பிரான்சுச் சுற்றுப் பந்தயத்தை அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் அவ்வாறே வென்றார். ஒவ்வொரு நாளின் ஓட்டமும் ஒரு கட்டம் எனப்படும். எல்லாக் கட்டங்களிலும் ஒருவர் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டிப் பார்ப்பர். எவருடைய கூட்டுத்தொகை மிகக் குறைவோ அவரே வெற்றியாளர். அதற்கு முந்தைய ஆண்டு, 1989இல், மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டிய பின்னர் லெமாண்டுக்கும் இரண்டாம் இடம் பெற்ற லோரான் ஃபின்யோனுக்கும் இடையே இருந்த வேறுபாடு எட்டே நொடிகள்! இந்த வரியை வாசித்து முடிப்பதற்குள் அந்த எட்டு நொடிகள் கடந்திருக்கும்.

இப்பந்தயம் விளையாட்டின்மீது கொண்ட பற்றினால் மட்டும் பிறந்ததன்று. 'லோட்டோ' என்னும் பிரெஞ்சு நாளிதழ் தன் விற்பனையைப் பெருக்கிக்கொள்ள 1903ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கியது. ஆறு கட்டங்கள், மொத்தம் 2,428 கிலோமீட்டர். ஒரு கட்டத்தின் சராசரித் தொலைவே நானூறு கிலோமீட்டர் என்பதால் வீரர்கள் இரவிலும் ஓட்ட நேர்ந்தது. புறப்பட்டவர் அறுபதின்மர், இறுதிவரை ஓட்டியவர் இருபத்தொருவர். முன்பு புகைபோக்கி துடைக்கும் தொழில் செய்த மோரீஸ் காரின் என்பவர் வென்றார். முன்னிலையில் இருப்பவருக்கு மஞ்சள் நிற மேலாடை அணிவிக்கும் வழக்கம் 1919இல் வந்தது. அந்நாளிதழ் அச்சிடப்பட்ட தாளின் நிறமும் மஞ்சளே.

நம் நாட்டில் இத்தகைய ஓட்டத்தின் சுவையை அறிய விரும்புவோர் நீலகிரியை நோக்க வேண்டும். 'டூர் ஆஃப் நீல்கிரிஸ்' என்னும் பல நாள் மிதிவண்டிப் பயணம் 2008ஆம் ஆண்டு முதல் நடந்து வருகிறது. அது முழுமையான பந்தயமன்று; பயணத்தின் இடையிடையே சில பகுதிகளில் மட்டும் நேரம் கணக்கிடப்படும். ஆயினும் மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக உதகமண்டலம் ஏறும் பாதையின் முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகளும், பயணம் எது பந்தயம் எது என்று பார்ப்பதில்லை. பேருந்தும் திணறி ஏறும் மலையை மனிதர் தம் கால்வலியாலேயே ஏறுகின்றனர். 2026ஆம் ஆண்டு சனவரியில் புனே மாவட்டத்தில் 437 கிலோமீட்டர் தொலைவுக்குப் பன்னாட்டு வீரர்கள் கலந்துகொண்ட கட்டப் பந்தயமும் நடந்தேறியது.

நான் வாழும் இடக்கொச்சியில் மலை என்று சொல்லத் தக்க ஒரு மேடும் கிடையாது. மூன்று புறமும் காயல். சாலைகள் பலகைபோல் தட்டையானவை. ஆனால் எங்களுக்கும் ஒரு மலை உண்டு. அது காற்று.

மலைக்கு அடுத்தபடியாக மிதிவண்டி வீரரை வருத்துவதும் காற்றே. வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். முன்னால் செல்பவர் அக்காற்றைப் பிளந்துகொண்டு போகிறார். அவருடைய சக்கரத்தை ஒட்டிப் பின்னால் வருபவருக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகிறது. ஆகையால்தான் வீரர்கள் பறவைக் கூட்டம்போல் நெருங்கிச் செல்கின்றனர். இன்று பிரான்சுச் சுற்றில் ஓர் அணிக்கு எண்மர். அவர்களுள் பட்டம் வெல்லக்கூடியவர் பெரும்பாலும் ஒருவரே. மற்ற எழுவரும் அவருக்காகக் காற்றைத் தாங்குவர். பின்னால் வரும் வண்டியிலிருந்து தண்ணீர்க் குப்பிகளை வாங்கி மேலாடைக்குள் திணித்துக்கொண்டு விரைந்து வந்து கொடுப்பர். அவருடைய சக்கரம் பழுதானால் தம் சக்கரத்தைக் கழற்றித் தருவர். இவர்களைப் பிரெஞ்சு மொழியில் 'டொமெஸ்டீக்' என்பர். வீட்டுப் பணியாள் என்பது அச்சொல்லின் பொருள். இவ்வளவு செய்பவர்க்கு இன்னும் மதிப்பான பெயரைச் சூட்டியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

இந்த ஏற்பாட்டை நான் நூல்களில் படிப்பதற்கு வெகு காலம் முன்னரே அறிந்திருந்தேன். என் தந்தையார் அம்பாசமுத்திரத்திலிருந்து பிழைப்புத் தேடி மட்டாஞ்சேரிக்கு வந்தவர். மிளகும் சுக்கும் நிறைந்த கிடங்கொன்றில் மூட்டை தூக்கினார். வாடகை குறைவு என்பதால் இடக்கொச்சியில் குடியிருந்தோம். நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது அவருடைய இடுப்பு ஒடுங்கிப் போயிற்று. அவ்வாண்டு பத்தாம் வகுப்பை முடித்த அண்ணன் அதே கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். மதிப்பெண்களில் அவர் என்னினும் குறைந்தவர் அல்லர். வீட்டில் அதைப் பற்றி எவரும் பேசவில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் அவர் பள்ளிப் பைக்கு மாறாகச் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு புறப்பட்டார், அவ்வளவுதான்.

அவர் கிடங்குக்கும் நான் பள்ளிக்குமாக இருவரும் மிதிவண்டியில் மட்டாஞ்சேரிக்குச் செல்வோம். காலையில் துன்பமில்லை. மாலையில் தெற்கு நோக்கித் திரும்ப வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று முகத்துக்கு நேரே வரும். பள்ளுருத்தியைக் கடந்ததும் என் கால்கள் தளர்ந்துவிடும். நாள் முழுதும் மூட்டை சுமந்த அண்ணன் முன்னால் வந்து, "என் சக்கரத்தை ஒட்டியே வா, தம்பி. விலகினாயோ, காற்று உன்னைப் பிடித்துக்கொள்ளும்" என்பார். அவர் சட்டையில் எழும் மிளகு நெடி என் மூக்கில் ஏறும். தும்மினாலும் விலக மாட்டேன். ஐந்து ஆண்டுகள் அவ்வாறு சென்றோம். அதன்பின் நான் எறணாகுளத்தில் கல்லூரியில் சேர்ந்தேன், பேருந்தில் போனேன். அவர் அதே சாலையில் தனியே ஓட்டினார்.

பிற்காலத்தில் படித்த வரலாறுகளுள் ரெனே வியேத்தோ என்பவருடையது என்னை விட்டு அகலவில்லை. 1934ஆம் ஆண்டின் பிரான்சுச் சுற்றில் அவருக்கு வயது இருபது. விடுதி ஒன்றில் மின்தூக்கி இயக்கும் பையனாக வேலை பார்த்தவர். மலையேற்றத்தில் அவரை விஞ்சியவர் அரிது. பிரெனே மலைத்தொடரில் அவருடைய அணித்தலைவர் அந்தோனன் மான்யின் சக்கரம் உடைந்தது. வியேத்தோ தம் முன்சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சாலையோரக் கற்சுவரின்மேல் அமர்ந்து அழுதார். அக்காட்சியைக் காட்டும் நிழற்படம் உலகப் புகழ் பெற்றது. மறுநாள் மான்யின் வண்டி மீண்டும் பழுதாயிற்று. முன்னே சென்றுவிட்ட வியேத்தோ வண்டியைத் திருப்பி, வந்த வழியே மலையேறித் தலைவருக்கு உதவினார். மான்ய் பட்டம் வென்றார். வியேத்தோவுக்கு ஐந்தாம் இடமும் மலையேற்றப் பரிசும் கிடைத்தன.

அந்தச் சக்கரத்தைக் கொடுத்ததனாலேயே அவர் பட்டத்தை இழந்தார் என்று பலர் உருக்கமாக எழுதுவர். அது மிகை. இறுதிக் கணக்கில் அவர் தலைவரைவிட ஏறத்தாழ ஒரு மணி நேரம் பின்தங்கியிருந்தார். சுவரின்மேல் அமர்ந்திருந்த நேரம் அத்துணை நீண்டதன்று. ஆனால் அவர் இழந்ததை நிமிடங்களால் மட்டும் அளக்கவும் என்னால் இயலவில்லை. தனக்காக ஓட்டினால் எவ்வளவு தூரம் போயிருப்போம் என்று அறியும் வாய்ப்பே போய்விட்டதல்லவா? அழுகை அதற்காகத்தான் இருக்க வேண்டும்.

சென்ற ஆண்டு அந்நிழற்படத்தைக் கைப்பேசியில் அண்ணனுக்குக் காட்டினேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். கதையைச் சொன்னேன். தலைவரைப் பற்றியோ பட்டத்தைப் பற்றியோ அவர் எதுவும் கேட்கவில்லை.

"மாற்றுச் சக்கரம் வந்த பிறகு அந்தப் பையன் ஏறி ஓட்டினானா?" என்றார்.

"ஓட்டினார், அண்ணா. பாரிசு வரை ஓட்டி முடித்தார்."

"சரி" என்று கைப்பேசியைத் திருப்பித் தந்தார். வாசலில் பேரன் காத்திருந்தான். அவனுடைய சிறு வண்டியின் முன்சக்கரத்துக்குக் காற்றடிக்க வேண்டியிருந்தது.