விடுப்புச் சான்றிதழில் ஒரு கோடிட்ட இடம்

நீரா மாத்தூர் வழக்கை அந்தரங்க உரிமை பற்றிய பாடத்தில் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகிறோம். அது ஒரு விடுப்பைத் தொடர்ந்து எழுந்த வழக்கு என்பது அதிகம் பேசப்படுவதில்லை. 1989இல் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் தகுதிகாண் பருவத்தில் சேர்ந்த அவர் பேறுகால விடுப்பில் சென்றார். 1990 சனவரியில் குழந்தை பிறந்தது. அடுத்த மாதமே பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். சேரும்போது தந்த உறுதிமொழியில் கடைசி மாதவிடாய்த் தேதியைத் தவறாகக் கூறினார் என்பது கழகத்தின் வாதம். பிரசவம் பார்த்த மருத்துவமனையின் சான்றிதழில் இருந்த தேதியே அதற்கு ஆதாரமாயிற்று. 1991இல் உச்ச நீதிமன்றம் அவரை மீண்டும் பணியில் அமர்த்தியது. மாதவிடாய், கருத்தரிப்பு, கருச்சிதைவு பற்றிய வினாக்களைப் படிவத்திலிருந்து நீக்கவும் சொன்னது.

பணியில் சேரும் படிவத்துக்குத்தான் அந்தத் தீர்ப்பு. விடுப்புச் சான்றிதழை அது தொடவில்லை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறைகள், நோயாளியின் இரகசியத்தைக் காக்குமாறு மருத்துவரைப் பணிக்கின்றன. அதே நெறிமுறைகளின் பின்னிணைப்பில் உள்ள விடுப்புச் சான்றிதழ் மாதிரியிலோ, 'இன்ன நோயால் அவதியுறுகிறார்' என்று நிரப்ப ஒரு கோடிட்ட இடம்!

குடுபல்லியில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்வோர் சிலருக்கு நான் ஆங்கிலத்தில் விடுப்புக் கடிதம் எழுதித் தருவதுண்டு. கருப்பைக் கட்டிக்கு அறுவை செய்துகொண்ட ஓர் அக்கா கேட்டார்: "என்ன நோவுன்னு எழுதாம முடியாதா தம்பி? சூப்பர்வைசர்ல இருந்து வாட்ச்மேன் வரைக்கும் படிப்பாங்க." கடிதத்தில் 'அறுவைக்குப் பிந்தைய ஓய்வு' என்று மட்டும் எழுதினேன். இணைத்த சான்றிதழில் எல்லாம் விளக்கமாக இருந்தது.

2017இன் புட்டசாமி தீர்ப்பு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது. அதே ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் ஒரேயொரு நோய்க்கு உறுதியான காப்பளித்தது. ஆனால் 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை தொடர்பான தேவைகளுக்கும் ஊழியர் கோரும் பயன்களுக்கும் அவருடைய ஒப்புதலின்றியே தரவைக் கையாள இடம் தருகிறது. மருத்துவத் தரவுக்கு அதில் தனி வகைப்பாடும் இல்லை. எனக்கு இது பெரிய பின்னடைவாகவே தோன்றுகிறது.

போலிச் சான்றிதழ்கள் மலிந்த நாட்டில் நோயின் பெயரைக் கேட்காமல் எப்படி என்பார்கள். போலியாக எழுதுபவருக்கு ஒரு நோயின் பெயரைச் சேர்த்து எழுதுவதா கடினம்? சரிபார்க்க உதவுவது மருத்துவரின் பதிவெண். முதலாளி அறிய வேண்டியது, ஊழியரால் எத்தனை நாள் வேலைக்கு வர இயலாது, திரும்பியபின் அதே வேலையைச் செய்ய முடியுமா என்பவையே. செருமனியில் நோயின் பெயர் மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்துக்குத்தான் செல்லும்; முதலாளிக்கான படியில் அது இராது. 2023 முதல் அந்தப் படியும் பொதுக் காப்பீட்டில் உள்ளோருக்கு மின்னணு வழிக்கு மாறிவிட்டது. முதலாளி காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து விடுப்பு நாள்களைப் பெற்றுக்கொள்கிறார்.