ஒற்றையடிப் பாதையின் கணக்கு

இடையஞ்சாவடியில் எங்கள் வீட்டை ஒட்டி அம்மா டீக்கடை வைத்திருந்தாள். கடை என்பதே மிகை. ஒரு பெஞ்சு, ஒரு பாய்லர், ஒரு வடைச் சட்டி. முந்திரித் தோப்பின் ஊடாக வரும் ஒற்றையடிப் பாதை எங்கள் வேப்பமரத்தடியில்தான் தார்ச்சாலையைத் தொடும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தது. அடுத்த ஒரு மாதத்திற்குள் பாதை எங்களைக் கைவிட்டுவிட்டது.

எங்கள் பக்கம் எதுவும் அடைபடவில்லை என்பதுதான் விந்தை. வெகுதூரம் உள்ளே, ஒரு பெரிய மரம் குறுக்கே கிடந்தது. சுற்றிப் போகச் சில அடிகளே கூடுதல். ஆனால் சனங்கள் அந்த இடத்தில் மட்டும் விலகிப் போகவில்லை. தோப்பின் மறுகோடி வழியே நடந்து சாலையில் வேறெங்கோ ஏறினார்கள்.

"என் கை ருசி கெட்டுப் போச்சாடா?" என்று அம்மா கேட்டாள்.

நான் அப்போது ஆய்வுப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்பியிருந்தேன். மேடும் பள்ளமுமாக ஒழுங்கற்றுக் கிடக்கும் தளத்தில் ஒரு மீள்கயிறு எப்படிப் படியும் என்பது என் தலைப்பு. அதை முதலில் கண்டது மரக்காணத்தில், பெரியப்பா வேலை பார்த்த உப்பளத்தில் என்று சொல்லலாம். காய்ந்த பாத்தியில் உப்புநீர் பாயும்போது அதன் விளிம்பு ஒரு மண்கட்டியில் சிக்கி நிற்கும். இருபுறமும் முன்னேறிய நீர் இழுக்க, திடீரென்று அறுத்துக்கொண்டு தாவும். (அந்த விளிம்புக்கான எண்கள் வேறு. ஆனாலும் சண்டை அதே சண்டைதான்.)

கயிற்றுக்கு இரண்டு ஆசைகள். நேராக இருக்க வேண்டும். நல்ல பள்ளங்களிலும் படிய வேண்டும். 1985இல் ஹூஸும் ஹென்லியும் காந்தத்தினுள் மாசுகளில் சிக்கிய எல்லைக்கோடுகளை இப்படிப் பார்த்தார்கள். மறு ஆண்டு கர்தார், பாரிசி, ஜாங் மூவரும் வளரும் பரப்புகளுக்கு எழுதிய சமன்பாடும் இதே கணக்காக முடிந்தது. தளத்தில் சமனான தடைகள் மட்டும் இருந்து, கயிறு வெப்பத்தால் தள்ளாடினால், 1000 அடி நீளத்தில் ஏறக்குறைய 32 அடி விலகும். அது வர்க்கமூலக் கணக்கு. ஒழுங்கற்ற தளத்திலோ மூன்றில் இரண்டு என்ற அடுக்கின்படி 100 அடி. விலகலின் வர்க்கத்தை நீளத்தால் வகுத்தால் வளைவதற்கான செலவு: 10. பள்ளங்களால் கிடைக்கும் வரவு நீளத்தின் கனமூலம்: அதுவும் 10. செலவும் வரவும் கச்சிதமாக நேராகும் இடம் அது. முதன்முதலில் தாளில் இதைப் போட்டுப் பார்த்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் உண்டு. மிகச் சிறந்த வழிக்கும் அதற்கு அடுத்த வழிக்கும் செலவில் மயிரிழைதான் வித்தியாசம் இருக்கக்கூடும். ஆனால் அவை இருக்கும் இடங்கள் வெகுதூரம் தள்ளி. எங்கோ ஒரு புள்ளியில் தளம் சற்று மாறினாலும் கயிற்றின் பெரும்பகுதி இடம் பெயர்ந்துவிடக்கூடும்.

அம்மாவிடம் சொன்னேன். கயிற்றைச் சொல்லவில்லை, மரத்தைச் சொன்னேன். வடை மாவை ஆட்டியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ தப்பு என் வடையில இல்ல."

"இல்லம்மா."

"மரத்த அறுத்துப் போட்டா திரும்பி வருவாங்களா?"

என் கணக்கின்படி வரவேண்டும். தடை நீங்கினால் கயிறு பழைய இடத்துக்கே போகும். தோப்புக்காரரிடம் கேட்டுக்கொண்டு இரண்டு நாள் ரம்பம் போட்டு அறுத்தோம். கிழவர்கள் சிலர் வந்தார்கள். மற்றவர்கள் வரவில்லை. அதற்குள் புதுப்பாதை மிதிபட்டுக் கெட்டியாகியிருந்தது. பழையதில் முள்ளும் புல்லும் முளைத்திருந்தன. நடக்க நடக்கத் தளமே மாறுவதற்கு என் சமன்பாட்டில் இடம் விட்டிருக்கவில்லை. ஆய்வை விட்டதற்காக நான் உண்மையிலேயே வருந்தியது அன்றைக்குத்தான்.

சித்திரையில் அம்மா பாய்லரைத் தலையில் சுமந்து புதுப்பாதை சாலையைத் தொடும் இடத்துக்குப் போனாள். வடைச் சட்டியை நான் எடுத்துக்கொண்டேன். பெஞ்சு மட்டும் வேப்பமரத்தடியிலேயே கிடந்தது. அந்தக் கிழவர்கள் அதில் உட்கார்ந்து, டீ எங்கே என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.