செய்தியின் முகம்

நுழையும்முன்

செய்தியைச் சுமந்து வரும் கருவிகள் காலந்தோறும் மாறிவருகின்றன. தண்டோரா, அச்சு, வானொலி, தொலைக்காட்சி, கைப்பேசி என அவை வளர்ந்த வழியில் நாம் பெற்றவையும் உண்டு; தவறவிட்டவையும் உண்டு. ஆசிரியர் ஒருவர் தம் வாழ்வில் கண்டவற்றைக் கொண்டு அவற்றை எண்ணிப் பார்க்கிறார்.

நடந்து வந்த செய்தி

எங்கள் ஊர் தஞ்சைக் கழனிகளுக்கு நடுவே அமைந்த சிற்றூர். என் இளமைக்காலத்தில் அங்குச் செய்தி நடந்துதான் வரும். வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் நாள், வரி கட்டவேண்டிய கெடு, அம்மைத் தடுப்பூசி போடுவோர் வரும் நேரம் ஆகியவற்றை ஒருவர் தெருத்தெருவாகத் தண்டோரா போட்டு அறிவிப்பார். தமுக்கின் ஒலி கேட்டதும் அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வாசலுக்கு வருவார். "எந்தக் கிழமை? யார் சொல்லி அனுப்பினது?" என்று திண்ணையில் இருக்கும் பெரியவர்கள் வினவுவார்கள். அவர் நின்று விடை சொல்லிவிட்டே அடுத்த தெருவுக்குச் செல்வார்.

இது நம் மண்ணில் நெடுங்காலமாக இருந்துவந்த முறையே. புகார் நகரில் இந்திரவிழா தொடங்குவதை யானைமீது முரசேற்றி அறைந்து அறிவித்த காட்சியை மணிமேகலையின் விழாவறை காதையில் காண்கிறோம். ஆயினும், எங்கள் ஊரில் தமுக்கடித்தவருக்கு உரிய மதிப்பை ஊர் தரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அவர் சொன்ன செய்தி எல்லார் வீட்டிற்குள்ளும் நுழைந்தது. அவர் வாசலோடு நிறுத்தப்பட்டார். 2022ஆம் ஆண்டில் தண்டோரா போடும் முறையைக் கைவிடுமாறு தமிழக அரசு அறிவுறுத்தியபோது, அவருடைய வெயிலில் கருத்த முகம்தான் என் நினைவுக்கு வந்தது. மரபு என்பதற்காகவே ஒன்றைக் காக்கவேண்டியதில்லை. ஆனால், அந்த முறையில் ஒரு நன்மை இருந்தது. சொன்னவரின் முகம் கேட்டவருக்குத் தெரிந்திருந்தது.

அச்சும் அலையும்

முகம் தெரியாதவர் எழுதியதை நம்பும் பழக்கத்தை அச்சு ஊடகம் நமக்குத் தந்தது. அச்சிட்ட சொல்லின் வலிமையை ஆங்கில அரசும் உணர்ந்திருந்தது. அதனால்தான் இந்திய மொழி இதழ்களை ஒடுக்க 1878இல் தனிச்சட்டமே இயற்றியது. ஆயினும் இதழ்கள் ஓயவில்லை. 1882இல் ஜி. சுப்பிரமணியம் தொடங்கிய சுதேசமித்திரன், 1899இல் நாளிதழாக வளர்ந்தது. பாரதியார் அதில் பணியாற்றினார். 1942இல் மதுரையில் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தி, எழுத்துக்கூட்டிப் படிப்போரையும் செய்தித்தாள் வாசகர்களாக்கியது. எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப்பேர் கேட்பார்கள். ஐயம் எழுந்தால் அங்கேயே வாதம் நடக்கும். இதழில் பிழை நேர்ந்தால் மறுநாள் திருத்தம் வரும். பொறுப்பேற்கும் ஆசிரியரின் பெயரும் அச்சிட்ட இடமும் கடைசிப் பக்கத்தின் அடியில் இருக்கும்.

வானொலி, எழுத்தறியாதவர்களையும் எட்டியது. சென்னை நிலையம் 1938இலும் திருச்சிராப்பள்ளி நிலையம் 1939இலும் ஒலிபரப்பைத் தொடங்கின. 1960களில் ஆடுதுறை 27 என்னும் நெல் வகையைத் திருச்சி வானொலி உழவர்களிடம் கொண்டுசேர்த்தது. தஞ்சைப் பகுதி உழவர்கள் அதனை 'ரேடியோ நெல்' என்றே அழைத்தனர். என் அப்பாவும் அதனை விதைத்தவர்தாம். ஆனால், வானொலி சொல்லிவிட்டது என்று அவர் நிலம் முழுவதும் விதைத்துவிடவில்லை. முதற்போகத்தில் ஒரு மா நிலத்தில் மட்டும் விதைத்து, விளைச்சலைக் கண்டபின்னரே மற்ற வயல்களுக்குக் கொண்டுசென்றார். "காதால் கேட்டதை வயலில் பார்க்கணும்" என்று அவர் அடிக்கடி சொல்வார். அந்தச் சொல்லின் பொருள் எனக்கு ஐம்பது வயதை நெருங்கியபோதுதான் விளங்கியது.

விரல்நுனியில் உலகம்

1975இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையமும், 1990களில் தனியார் அலைவரிசைகளும் வந்தன. 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று இந்தியாவில் இணையம் பொதுமக்கள் பயன்பாட்டிற்கு வந்தது. கைப்பேசியோடு இணையம் இணைந்தபின், அதுவரை கேட்பவராக மட்டும் இருந்தவர் சொல்பவராகவும் ஆனார்.

இதன் பயனைக் குறைத்துச் சொல்ல இயலாது. 2004இல் ஆழிப்பேரலை வந்த நாளில், சிங்கப்பூரில் இருந்த இளைஞர் ஒருவர் செய்தி அறிந்து, புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் தம் மீனவச் சிற்றூருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். அவ்வூரின் அறிவு மையத்தில் இருந்த ஒலிபெருக்கி வழியே அறிவிப்புச் செய்யப்பட, மக்கள் வெளியேறி உயிர் தப்பினர். தொலைபேசியும் ஒலிபெருக்கியும் கைகோத்த நிகழ்வு அது. 2015இல் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோதும், சிக்கியவர்களின் இருப்பிடத்தையும் உணவு தேவைப்படும் இடங்களையும் இளைஞர்கள் சமூக ஊடகங்கள் வழியே பகிர்ந்து உதவினர்.

என் கையில் இருந்த தமுக்கு

2018ஆம் ஆண்டுக் கோடை விடுமுறை. வாட்ஸ்அப் எனப்படும் புலனத்தில் எனக்கு ஒரு செய்தி வந்தது. குழந்தைகளைக் கடத்தும் கும்பல் நம் மாவட்டத்தில் நுழைந்துவிட்டது என்றும் அனைவருக்கும் பகிருமாறும் அதில் இருந்தது. உடன் ஒரு படமும் இருந்தது. எழுதியவர் யார், படம் எங்கே எடுத்தது என்று நான் பார்க்கவில்லை. பிள்ளைகள் நலமாக இருக்கவேண்டும் என்ற எண்ணத்தில் உறவினர் குழுவிற்கும் பெற்றோர் குழுவிற்கும் உடனே அனுப்பினேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

இரண்டு நாள் கழித்து, நான் குடியிருக்கும் ஊரின் பேருந்து நிலையத்தில் ஒரு கூட்டத்தைக் கண்டேன். நடுவே, தோளில் போர்வை மூட்டையுடன் வடமாநில வணிகர் ஒருவர் கைகூப்பி நின்றார். அவருக்குத் தமிழ் வரவில்லை; கூட்டத்திற்கு அவர் மொழி தெரியவில்லை. ஒருவர் கை ஓங்கியபோது, தேநீர்க் கடைக்காரர் பாய்ந்து குறுக்கே நின்றார். "வருசா வருசம் வர்றவருய்யா இவரு. என் கடையிலதான் சாப்பிடுவாரு. எனக்குத் தெரியும்" என்று கத்தினார். கூட்டம் மெல்லக் கலைந்தது. அதிலிருந்த மாணவர் ஒருவரின் தந்தை என்னைக் கண்டதும் கைப்பேசியை நீட்டினார். "டீச்சர், நீங்க அனுப்பினதாச்சே, உண்மையாத்தான் இருக்கும்னு நெனச்சோம்" என்றார்.

நான் பேச்சிழந்து நின்றேன். முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் ஈட்டிய நம்பிக்கையை ஒரு பொய்க்குக் கடனாகக் கொடுத்திருந்தேன். அதே ஆண்டில் இதே வதந்தியால் தமிழ்நாட்டிலும் பிற மாநிலங்களிலும் குற்றமற்றவர்கள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்காகக் குறுக்கே நின்று காப்பாற்ற ஒரு தேநீர்க் கடைக்காரர் இல்லை. அதன்பின், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐவருக்கோ ஐந்து குழுக்களுக்கோ மட்டுமே பகிரமுடியும் என்று அந்நிறுவனம் வரம்பிட்டது.

அன்றிரவே இரு குழுக்களிலும் என் தவற்றை ஒப்புக்கொண்டு எழுதினேன். அதனைப் பிறருக்குப் பகிர்ந்தவர்கள் மிகச் சிலரே. ஒரு மாதம் கழித்து அதே பொய், 'மிக அவசரம்' என்னும் தலைப்புடன் வேறொருவரிடமிருந்து எனக்கே திரும்பி வந்தது.

மாணவர்களே! தமுக்கடித்தவரிடம் பெரியவர்கள் கேட்ட வினாக்கள் இன்றும் பழையன ஆகிவிடவில்லை. யார் சொன்னது? எப்போது நடந்தது? இதனை எங்கே சரிபார்க்கலாம்? அன்று தமுக்கு ஒருவர் கையில் இருந்தது. ஊரார் கேள்வி கேட்டனர். இன்று அது நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. கேட்கவேண்டியவரும் விடை சொல்லவேண்டியவரும் நாமே. இப்போதெல்லாம் ஒரு செய்தியைப் பகிருமுன் அந்தப் போர்வை வணிகரின் கூப்பிய கைகளை ஒருமுறை நினைத்துக்கொள்கிறேன். பல செய்திகள் என்னோடு நின்றுவிடுகின்றன.