பொதி கட்டக் கற்றுக்கொண்டேன்

வேலைக்காக ஹவுரா பக்கம் வந்து, சாந்த்ராகாச்சி ரயில் நிலையத்தை ஒட்டி அறையெடுத்துத் தங்கியிருந்தபோதுதான் டெபியன் லினக்ஸுக்குப் பொதி (பேக்கேஜ்) கட்டக் கற்றுக்கொண்டேன். சொல்லித்தந்தவர் பக்கத்துத் தெரு வங்காளி. என்னைவிட மூத்தவர், அதனால் எனக்குத் தாதா, அதாவது அண்ணன். குளிர்காலத்தில் சாந்த்ராகாச்சி ஏரிக்கு வரும் வாத்துகளின் சத்தம் அவர் வீட்டு மாடிவரை கேட்கும்.

புதிதாக எதையும் எழுதச் சொல்லாமல், ஏற்கெனவே டெபியனில் உள்ள ஹார்ஃப்பஸ்ஸின் மூல நிரலை இறக்கிப் படிக்கச் சொன்னார். ‘கொ’ என்று தட்டினால் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் சரியாக விழ வழிசெய்யும் லைப்ரரி அது. அந்த ஒரே மூலத்திலிருந்து பல பொதிகள் பிறக்கின்றன. நிரல்கள் ஓடுவதற்கு ‘லிப்ஹார்ஃப்பஸ்0பி’, நிரல் எழுதுபவர்களுக்குத் தலைப்புக் கோப்புகள் அடங்கிய ‘டெவ்’ பொதி. பெயரில் உள்ள அந்த 0 முக்கியம். பழைய நிரல்கள் உடையும்படி லைப்ரரி மாறினால் எண்ணும் மாற வேண்டும், அதோடு பொதியின் பெயரும் மாறும். அப்போதுதான் பழையதும் புதியதும் ஒரே கணினியில் சேர்ந்திருக்க முடியும்.

பிறகு ஒரு சிறிய சி லைப்ரரியை எடுத்தோம். கம்பைல் செய்வது சீக்கிரமே முடிந்தது. நேரமெல்லாம் ‘காப்பிரைட்’ கோப்புக்குத்தான் போனது. ஒவ்வொரு கோப்பையும் திறந்து, யார் எழுதியது, என்ன உரிமம் என்று பார்த்துக் குறித்தோம். சோதனைக்கான அடைவில் ஓர் எழுத்துரு கிடந்தது, அதற்கு உரிமம் எங்குமே இல்லை. “உரிமம் இல்லையென்றால் அனுமதி இல்லை என்றுதான் பொருள்” என்றார் தாதா. அதை நீக்கி மூலத்தை மறுபடி கட்டினோம், பதிப்பு எண்ணின் பின்னால் ‘+டிஎஃப்எஸ்ஜி’ சேர்ந்தது. டெபியனின் கட்டற்ற மென்பொருள் வரையறைக்காக மூலத்திலிருந்து ஏதோ நீக்கப்பட்டிருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. ‘வணிகப் பயன்பாட்டுக்குத் தடை’ என்ற ஒரு வரி இருந்தாலும் முதன்மைத் தொகுப்பில் இடமில்லை. இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது. பொதியை நிறுவுகிறவர் எந்த வழக்குக்கும் அஞ்சாமல் அதைப் பயன்படுத்த, யாரோ ஒருவர் முன்கூட்டியே படித்துப் பார்த்திருக்கிறார்.

அதன்பின் எஸ்பில்ட் என்ற கருவி அமைக்கும் வெறுஞ்சூழலில் கட்டிப் பார்த்தோம். நம் கணினியில் வேறு பொதிகள் தற்செயலாக இருந்ததால் ஓடியதெல்லாம் அங்கே அம்பலமாகிவிடும். பொதியில் பிழை தேடும் லின்டியன் காட்டிய எச்சரிக்கைகளையும் ஒவ்வொன்றாகத் தீர்த்தோம். புதியவர் நேரடியாக ஏற்ற முடியாது, டெபியன் டெவலப்பர் ஒருவர் பொறுப்பேற்று ஏற்ற வேண்டும். அதற்குப் பிறகும் புதிய பொதிகளுக்கான ‘நியூ’ வரிசையில் டெபியன் குழுவினர் உரிமங்களை மறுபடி சரிபார்க்கிறார்கள்.

இத்தனை சோதனை தேவைதான். 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியான டெபியன் 13க்கு 3 ஆண்டு முழு ஆதரவு, மேலும் 2 ஆண்டு நீட்டிப்பு. உள்ளே நுழைந்த பதிப்பு அத்தனை காலமும் பலர் கணினியில் இருக்கும்.

தமிழுக்காக லைப்ரரி எழுதும் நண்பர்களே, உரிமக் கோப்பை முதல் நாளே வையுங்கள். பிறருடைய எழுத்துருவையோ நிரலையோ உரிமம் பார்க்காமல் உள்ளே சேர்க்காதீர்கள். வெளியீடு ஒவ்வொன்றுக்கும் பதிப்பு எண் கொடுங்கள். பொதி கட்ட வருபவருக்குப் பாதி வேலை குறையும்.