முத்துக்கு வந்தவர்கள் பொறுக்கிய புழு

1871 டிசம்பர் 12ஆம் திகதி காலை யாழ்ப்பாணத்தில் முழுச் சூரிய கிரகணம். அதைப் பார்ப்பதற்கென்றே நோர்மன் லொக்கியர் தலைமையில் இங்கிலாந்திலிருந்து ஒரு குழு கப்பலேறி வந்திருந்தது. சிலர் தென்னிந்தியாவில் இறங்கினார்கள். சிலர் யாழ்ப்பாணத்திலும் சிலர் திருகோணமலையிலும் கருவிகளை நிறுத்தினார்கள். திருகோணமலைக்குப் போனவர்களில் ஒருவர் ஹென்றி மோஸ்லி. வயது இருபத்தேழு. முழுக் கிரகணம் சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. மோஸ்லி இலங்கையில் அகப்பட்ட உயிரினங்களைச் சேர்த்துக்கொண்டு ஒக்ஸ்போர்ட்டுக்குத் திரும்பினார். அந்தச் சேகரிப்பில் ஈரமண்ணில் ஊரும் தட்டைப்புழுக்களும் இருந்தன. அவற்றின் உடலமைப்பைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1874இல் இலண்டன் அரச கழகத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது.

நான் கிரகணத்தைத் தேடிப் போனவனல்ல. என் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்ட கேள்விதான் என்னை அங்கே கொண்டுபோய் விட்டது.

எங்கள் பாடப்புத்தகத்தில் தட்டைப்புழு என்றால் நாடாப்புழுவும் ஈரல் தட்டைப்புழுவும்தான். யாருடைய குடலிலும் குடியிருக்காமல் தன்பாட்டில் வாழ்கிறவற்றுக்குப் பிளனேரியாவின் படம் ஒன்றோடு சரி. அவை நம்மூரிலும் இருக்கின்றன என்று காட்டுவதற்காகப் யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தையொட்டிய கடலில் சாதாளை என்ற கடல்தாவரத்தைப் பிடுங்கிக் கண்ணாடிப் போத்தலில் இட்டு, இரவு முழுக்க அசைக்காமல் வைத்தோம். அடியில் ஒட்சிசன் குறையக் குறைய, ஒளிந்திருக்கும் சிறு உயிர்கள் மேலே வந்து கண்ணாடிச் சுவரில் ஏறும். இறால்குஞ்சும் நூற்புழுவும் துடித்துத் திரியும். தட்டைப்புழு அப்படியல்ல. நெளியாது, துடிக்காது, உடலின் அடியிலுள்ள பிசிர்களால் வழுக்கிக்கொண்டு போகும். நாங்கள் பிடித்தது ஒரு மில்லிமீற்றர் நீளம்கூட இல்லை. நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தபோது இரண்டு கறுப்புக் கண்புள்ளிகளும், குடலும், உள்ளே திரண்டிருந்த முட்டையும் தெரிந்தன.

“இதுக்கு ஆர் சேர் பேர் வைச்சது?”

களங்கண்டி வலையைப் பார்க்க வந்து நின்ற அண்ணர் ஒருவர் முதல் நாளே வேறொன்று கேட்டிருந்தார்: “என்ன மாஸ்டர், அட்டைக்குஞ்சு பிடிக்கிறியளோ?” கடலட்டைப் பண்ணைகள் வந்த பிறகு கடலில் குனிந்து நிற்கும் எவரும் அட்டைக்காகத்தான் நிற்கிறார்கள் என்பது அவருடைய கணக்கு. அவருக்குப் பதில் சொல்வது சுலபம். பிள்ளைக்குச் சொல்லத்தான் தேட வேண்டியிருந்தது.

தேடுவதற்கு ஒரு நல்ல இடம் இருக்கிறது. அமெரிக்காவின் மெய்ன் பல்கலைக்கழகத்தில் சேத் டைலரும் அவருடைய தோழர்களும் உருவாக்கிய தரவுத்தளம் அது. சுயாதீனத் தட்டைப்புழுக்களுக்கு எவரெவர் எந்த ஆண்டு என்ன பெயர் வைத்தார்கள், அந்தப் பெயர் பிறகு எந்தச் சாதிக்கு மாறியது என்பதெல்லாம் அதில் உண்டு. பெயர் பெற்ற இனங்கள் ஆறாயிரத்துக்கு மேல். டைலர் 1970களில் ஆராய்ந்தது இந்தப் புழுக்களின் ஒட்டும் சுரப்பிகளை. ஒரு சுரப்பி பசையைக் கக்கும்; பக்கத்துச் சுரப்பி அதை விடுவிக்கும். அலையடிக்கும் மணலில் பிடித்துக்கொள்வதும் நகர்வதும் அப்படித்தான். ஒரு விலங்கை இவ்வளவு நெருங்கிப் பார்த்த ஒருவர் அதன் பெயர்ப் பதிவேட்டையும் எழுத உட்கார்ந்தது எனக்குப் பிடித்திருக்கிறது. பதிவேடு எழுதுவது எழுதுவினைஞர் வேலை என்று நினைப்பவர்கள் ஒருதரம் அதைச் செய்து பார்க்கட்டும்.

அந்தப் பதிவுகளில் இலங்கையைப் பின்தொடர்ந்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் போய்ச் சேரலாம். ஒஸ்திரியரான ஷ்மார்டா 1853 முதல் 1857 வரை உலகைச் சுற்றியவர். இலங்கையில் கண்ட புழுக்களையும் சேர்த்து 1859இல் லைப்சிக்கில் நூலாக்கினார். அவருக்கு ஓராண்டு முந்தியவர் இந்த மண்ணிலேயே பிறந்த மருத்துவர் எட்வர்ட் கெலார்ட். முத்துச்சிப்பியின் வாழ்க்கையை ஆராய அரசாங்கம் அவரை அமர்த்தியிருந்தது. திருகோணமலையில் அந்த வேலைக்கு நடுவே ஓடில்லாக் கடல் நத்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே வண்ண வண்ணமான தட்டைப்புழுக்களையும் சேர்த்தார். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பெரும்பாலானவற்றைப் பிளனேரியா என்ற சாதியில் போட்டார்; அந்தக் காலத்தில் வேறு வழியும் அதிகமில்லை. 1860இல் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலிலேயே இறந்துவிட்டார். அவருடைய புழுக்களை கொலிங்வுட் என்பவர் 1876இல் திரும்ப எழுதினார். பின்னால் வந்தவர்கள் மறுபடி பிரித்து வேறு சாதிகளுக்கு அனுப்பினார்கள்.

பிறகு 1902. மன்னார்க் குடாவில் முத்துக்குளிப்பு பத்து வருடமாகப் படுத்துவிட்டது. காரணம் கண்டறிய பேராசிரியர் ஹேர்ட்மன் வந்தார், உதவிக்கு ஹோர்ணல். அவர்கள் பிடித்த தட்டைப்புழுக்களை லெயிட்லோ 1904இல் அவர்களுடைய பெரிய அறிக்கையின் ஒரு பகுதியாக விவரித்தார். ஆனால் அறிக்கைக்குப் புகழ் தந்தது வேறொரு தட்டைப்புழு. சிப்பிக்குள் புகுந்த நாடாப்புழுவின் இளம்பருவத்தைச் சுற்றித்தான் முத்து விளைகிறது என்று ஹேர்ட்மன் சொன்னார். அந்தக் கருத்து பின்னால் கேள்விக்குள்ளானது வேறு கதை. ஒட்டுண்ணிக்கு அங்கேயும் முன்வரிசை, சுயாதீனிக்குப் பின்னிணைப்பு. எங்கள் பாடப்புத்தகம் போலவே.

இப்படித் திரட்டிப் பார்த்தபோது எனக்குப் புரிந்தது ஒன்று. நான் பின்தொடர்ந்தவர்களில் எவரும் இந்தப் புழுக்களுக்காகவே இங்கே கப்பலேறி வரவில்லை. முத்துக்கு வந்தார்கள், கிரகணத்துக்கு வந்தார்கள், வழியில் பொறுக்கினார்கள். திருகோணமலை, மன்னார், மலைநாட்டுத் தோட்டங்கள் என்று பதிவுகள் குவிந்திருப்பது புழுக்கள் அங்கே கூடி வாழ்வதால் அல்ல. கப்பல்களும் துரைமாரும் அங்கே நின்றதால். யாழ்ப்பாணத்தில் இறங்கியவர்கள் வானத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அவர்கள் கடலைப் பார்த்திருந்தாலும் எங்கள் ஒரு மில்லிமீற்றர்ப் புழு தப்பியிருக்கும். சாராயப் போத்தலில் போட்ட மாத்திரத்தில் இது சுருண்டு உருத்தெரியாத சளித்துண்டாகிவிடும். கெலார்ட்டும் ஷ்மார்டாவும் எழுதிய பெரிய நிறப்புழுக்கள் மட்டும் கண்ணில் படும், ஓவியத்தில் நிற்கும். சிறியதை உயிரோடு பார்த்தால்தான் உண்டு. கண்ணாடி வழுக்கிக்கும் மூடித்துண்டுக்கும் இடையில் வைத்து, ஓரத்திலிருந்து தண்ணீரைக் கடதாசியால் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி எடுக்க வேண்டும். புழு நசுங்கித் தட்டையாகும்போது உள்ளுறுப்புகள் விரிந்து தெரியும். இது இருபாலி, ஆணுறுப்பில் கடினமான ஊசி ஒன்று இருக்கிறது. அது வளைந்ததா, நேரா, நுனி தடித்ததா என்பதை வைத்துத்தான் இனத்தைப் பிரிக்கிறார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்தும்போது வகுப்பு வழக்கத்தைவிட அமைதியாக இருந்தது.

எங்களுடையது மக்ரோஸ்டோமம் என்ற சாதி. அதே போத்தலில் வந்த இன்னொன்றுக்குக் குடற்குழியே இல்லை. முன்பு அதையும் தட்டைப்புழு என்றுதான் படித்தோம். 1999இல் வந்த மரபணு ஆய்வுக்குப் பிறகு அந்தக் கூட்டத்தைத் தட்டைப்புழுக் கணத்திலிருந்தே வெளியேற்றிவிட்டார்கள். மறுபக்கம், தனித்தனி வகுப்புகளாக நாங்கள் மனப்பாடம் செய்த நாடாப்புழுவும் ஈரல் தட்டைப்புழுவும் சுயாதீனத் தட்டைப்புழுக்களிலிருந்தே கிளைத்தவை என்றாகிவிட்டது. புத்தகத்தின் மூன்று வகுப்புகளை இன்னும் அப்படியே எழுதித்தான் பிள்ளைகள் புள்ளி வாங்குகிறார்கள்.

யார் பெயர் வைத்தது என்ற கேள்விக்கு இனம் தெரிந்தால்தான் விடை. ஊசியின் படத்தைப் பழைய வரைபடங்களோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். அதுவரைக்கும் குறிப்புப் புத்தகத்தில் சாதிப் பெயரை எழுதி, இனத்துக்கு இடம் விட்டு, இடம் என்ற கட்டத்தில் ‘பண்ணை’ என்று போட்டேன். கேள்வி கேட்ட அதே பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு, “பாலத்தின்ரை எந்தப் பக்கம் எண்டும் எழுதுங்கோ சேர்” என்றாள். தெற்குப் பக்கம், சாதாளைத் திடல், முழங்காலளவுத் தண்ணீர் என்று அவளே எழுதினாள்.